பெயர் இல்லாத முகங்கள்: தாது வருசம் முதல் தேயிலைத் தோட்டம் வரை

எங்காவது ஒரு வன்கொடுமை நடந்தால், அடுத்த நாளே பாதிக்கப்பட்டவரின் முகம் ஓவியமாக நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பிறகு சுவரொட்டி, பதாகை, சட்டை என்று எங்கும் அதே முகம். வரைகிற தோழர்களின் கோபம் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. துயரத்திலிருந்து மீண்டு வாழும் ஒருவரின் முகத்தை வரைவது எப்போது மரியாதை ஆகிறது? இதற்கான விடையை நீலகிரி மலையின் வரலாற்றில் தேடலாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. நம் ஊர்களில் இன்றும் அதைத் தாது வருசப் பஞ்சம் என்கிறார்கள். அப்போது மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். சென்னையின் பக்கிங்காம் கால்வாய்க்கு அவர் பெயர்தான். அவருடைய உருவப்படத்தை வரைந்தவர் ரவிவர்மா. ஊட்டியில் ஆளுநர் மாளிகை எழுந்ததும் அவர் காலத்தில்தான். சமவெளியில் ஜனங்கள் சோற்றுக்குச் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் மலைமேல் மாளிகை கட்டும் வேலை நடந்தது.

அதே ஆண்டுகளில் இன்னொரு வகைப் படங்களும் எடுக்கப்பட்டன. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் புகைப்படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்த படங்கள் அவை. இன்றும் பஞ்சத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவற்றில் ஒன்று இருக்கும். அந்த முகங்களில் ஒன்றின் பெயரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? ஊர் தெரியுமா? படம் எடுத்தவரின் பெயர் நிலைத்தது. படத்தில் இருப்பவர்கள் ‘பஞ்சத்தில் அடிபட்டவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோனார்கள்.

ஆளுநரின் முகத்துக்குப் பெயர், பட்டம், சட்டகம், எண்ணெய் வண்ணம் எல்லாம் உண்டு. பட்டினி கிடந்தவருக்கு உடம்பு மட்டும்தான்.

மலைமேலும் இதே கதைதான். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதிய பழங்குடிகள் பற்றிய நூல், அவர் இறந்த பிறகு 1873இல் புகைப்படங்களுடன் வெளிவந்தது. அதில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் எல்லோரும் தங்கள் குலத்தின் மாதிரிகளாகவே நிற்கிறார்கள். அடுத்து வந்தவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 1896இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் நீலகிரியின் தோடரும் கோத்தரும், சென்னை நகரின் பிராமணர், கம்மாளர், பள்ளி, பறையரும் ஒன்றாக இடம்பெற்றார்கள். தலை, மூக்கு என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பிராமணரையும்தானே அளந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்களுக்கு அந்த அளவுப் பட்டியலுக்கு வெளியே ஏடுகளும் பத்திரிகைகளும் பதவிகளும் இருந்தன. நம்மவர் பலருக்கு அந்தப் பட்டியல் மட்டுமே மிச்சம்.

இதனால் நம்மவர்கள் பேச்சற்றுக் கிடந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அயோத்திதாசர் 1870களில் நீலகிரியில்தான் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்குப் போகும் முன் ஊட்டியில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். 1891 டிசம்பர் 1இல் அயோத்திதாசரின் திராவிட மகாஜன சபை நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டது. பறையர் என்று இழிவுபடுத்தி அழைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தர்ஸ்டனின் அறிக்கை வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, எங்களை என்ன பெயரில் அழைப்பது என்பதை நாங்கள் சொல்வோம் என்று இந்த மலையிலிருந்து குரல் எழுந்துவிட்டது.

தாது வருசத்தில் தப்பிப் பிழைத்தவர்களில் பெருங்கூட்டம் கங்காணிகள் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று டான்டீ என்று நாம் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தொடங்கப்பட்டன.

கூடலூர், பந்தலூர் பக்கம் லைன் வீடுகளுக்குள் போனால் சுவரைப் பாருங்கள். பாட்டியின் படம் என்று மாட்டியிருப்பது பல வீடுகளில் பாஸ்போர்ட் படத்திலிருந்து பெரிதாக்கியதுதான். அவரை நாட்டைவிட்டு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. அதைத் தவிர வேறு படம் கிடையாது. ஆனால் அந்த வீட்டார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஸ்டுடியோவில் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். போடாத கம்மலை வரையச் சொன்னார்கள். உடுத்தாத பட்டுக்குச் சரிகை வைக்கச் சொன்னார்கள். கீழே பெயரும் பிறந்த தோட்டமும் எழுதச் சொன்னார்கள். கலை விமர்சகர்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை நீலகிரியின் முக்கியமான உருவப்படங்கள் இவைதான். அரசாங்கம் எடுத்த முகத்தை ஒரு குடும்பம் திருப்பி வாங்கிக்கொண்ட வரலாறு அது.

ஓவியர்களிலும் இதைப் புரிந்தவர்கள் உண்டு. 1943 வங்காளப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் பட்டாச்சார்யா மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் மக்களை வரைந்தார். யார், எந்த ஊர், என்ன ஆனது என்று கேட்டு எழுதினார். ‘பசித்த வங்காளம்’ என்று அது நூலாக வந்தபோது ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. பிழைத்த ஒரு பிரதியைக் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஹூப்பரின் படங்களும் பட்டினியைத்தான் காட்டின. ஆனால் பெயரோடும் ஊரோடும் வந்த பட்டினி யார் பொறுப்பு என்று கேட்டது. அதுதான் அரசைச் சுட்டது. இன்று இலங்கை மலையகத்தில் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம், தேநீர்க் கறையையும் தேயிலைப் பைகளையும் கொண்டே தொழிலாளர் வாழ்வைப் படைக்கிறார்.

சரி, நாம் என்ன செய்வது? வரைவதை நிறுத்தச் சொல்லவில்லை. வரைவதற்கு முன் போய் உட்காருங்கள் என்கிறேன். எப்படித் தெரிய வேண்டும், என்ன உடுத்தியிருக்க வேண்டும், முகமே வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். அடிபட்ட நாளின் முகத்தை வரையாதீர்கள். அந்த நாள் அவர் வாழ்க்கையில் ஒரு நாள்தான். படம் முடிந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அது வெளியே போகக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72இன்படி குற்றம். முன்பு இது இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ. வயதுவந்தவர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் தடுக்கிறது. ஓவியம்தானே, புகைப்படம் இல்லையே என்ற சமாதானம் செல்லாது. ஆளை அடையாளம் காட்டினால் இரண்டும் ஒன்றுதான்.

பிரீக்ஸும் தர்ஸ்டனும் நம்மவரை உட்காரவைத்தபோது கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “உங்களுக்குச் சம்மதமா?” தூரிகையை எடுக்கும் தோழர்கள் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அடுத்ததாகப் பெயரைக் கேளுங்கள். எழுதலாம் என்று அவர் சொன்னால், அவர் சொல்கிறபடியே படத்தின் கீழே எழுதுங்கள்.