தமிழ்க் கணினி அச்சுக்கோப்புப் பயிற்சி

தமிழ்க் கணினி அச்சுக்கோப்புப் பயிற்சி என்பது கணினியில் தமிழ் உரையைத் தட்டச்சு செய்யவும், படங்களைத் திருத்தவும், இரண்டையும் சேர்த்து அச்சிடத்தக்க பக்கமாக அமைக்கவும் கற்பிக்கும் தொழிற்பயிற்சி ஆகும். பேச்சு வழக்கில் இது டி.டி.பி. படிப்பு என்று அறியப்படுகிறது. பக்கமைப்புக்குப் பேஜ்மேக்கர் அல்லது இன்டிசைன், படத்திருத்தத்துக்குப் போட்டோசாப், படம் வரைவதற்குக் கோரல்டிரா ஆகியவை இதில் வழமையாகக் கற்பிக்கப்பட்டு வந்த மென்பொருள்கள் ஆகும். இம்மென்பொருள்களைத் தமிழுக்குப் பயன்படுத்தும் மாணவர், ஆங்கிலத்தில் மட்டும் பணியாற்றும் மாணவர் எதிர்கொள்ளாத சில சிக்கல்களை எதிர்கொள்கிறார். அவற்றுள் முதன்மையானது எழுத்துக் குறியாக்கம். இக்கட்டுரை தஞ்சாவூரையும் காவிரிப் படுகையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பயிற்சியை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

காவிரிப் படுகைக்கு அச்சுத்தொழில் புதியதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு அங்கு அச்சகம் நிறுவி, 1714-1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். செருமனியின் ஆலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. எழுத்தின் அளவு, தாளின் செலவு, பக்கத்தின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இக்கணக்கே இன்றும் பக்கமைப்பு மாணவரின் முதற்கணக்கு என்பது குறிப்பிடத்தக்கது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவநாகரி அச்சகம் ஒன்றைத் தஞ்சையில் நடத்தினார்.

ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் முறை தமிழகத்தின் சிற்றூர் அச்சகங்களில் 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. 1985ஆம் ஆண்டில் ஆல்டசு நிறுவனம் மக்கின்டோசுக் கணினிக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. போட்டோசாப்பின் முதற்பதிப்பு 1990இல் வெளிவந்தது. 1990களில் இவை தமிழக அச்சகங்களை அடைந்தபோது, அச்சுக்கோப்பாளர் நின்ற இடத்தில் கணினி இயக்குநர் அமர்ந்தார். பேஜ்மேக்கர் 1994இல் அடோபி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2001இல் வெளிவந்த 7ஆம் பதிப்புக்குப் பின் அதற்குப் புதிய பெரும்பதிப்பு வரவில்லை. எனினும் தமிழகப் பயிற்சி நிலையங்களில் அது அதன் பின்னரும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது.

பயில்வோரும் பணிகளும்

பள்ளிப் படிப்பை முடித்தோரும், தட்டச்சுப் பயிலகங்களில் தேர்ச்சி பெற்றோரும் இப்பயிற்சியில் மிகுதியாகச் சேர்கின்றனர். இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் டி.டி.பி. இயக்குநர் என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவும் உள்ளது. ஆயினும் பெரும்பாலோர் தனியார் நிலையத்தில் சில மாதங்கள் பயின்று, எஞ்சியதைக் கடையில் வேலை பார்த்தே கற்கின்றனர்.

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் இத்தொழிலுக்கு வரும் பணிகள் பருவத்தை ஒட்டியவை. சம்பா அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் திருமண அழைப்பிதழ், காதணி விழா அழைப்பிதழ், குடமுழுக்குப் பத்திரிகை ஆகியவை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடைபெறாமையால் கடையில் கூட்டம் குறையும். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கடைக்காரர்களுக்கு நேரம் கிடைப்பதும் அப்போதுதான். இவை தவிர மனுக்கள், கோவில் தலவரலாற்று நூல்கள், ஆய்வேடுகள், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஆகியன ஆண்டு முழுவதும் வரும். 1981இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு இருப்பதால், மேற்கோளும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆய்வேடுகளை அமைக்கும் பழக்கம் தஞ்சை மாணவருக்கு எளிதில் வாய்க்கிறது.

தட்டச்சு

தட்டச்சுப் பயிலகத்திலிருந்து வரும் மாணவர் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகைக்குப் பழகியவர். அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டப்படும். 'கெ' என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பையும் பின்னர் ககரத்தையும் தட்ட வேண்டும்.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் உள்ளன. தமிழில் அடிக்கடி சேர்ந்து வரும் மெய்களுக்கு மென்பொருளே புள்ளி இட்டுவிடும். எடுத்துக்காட்டாக, 'தஞ்சை' என்று எழுத த, ஞ, ச, ஐ ஆகிய நான்கு விசைகளைத் தட்டினால் போதும். 'நன்றி' என்பதற்கு ந, ன, ற, இ. புதிதாகத் தொடங்குவோர் இதையே கற்பது நல்லது. தட்டச்சுப்பொறி முறையில் ஏற்கெனவே விரைவு பெற்றவரை மாற்றச் சொல்வதில் பெரும்பயன் இல்லை. அம்முறையில் தட்டினாலும் ஒருங்குறியில் சேமிக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன.

எழுத்துருவும் குறியாக்கமும்

பேஜ்மேக்கர் ஒருங்குறியை ஆதரிப்பதில்லை. எனவே 1990களில் தமிழுக்கென ஓர் உத்தி கையாளப்பட்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்கள் வரையப்பட்ட எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ முதலானவை இவ்வாறு பரவிய எழுத்துருக்களும் மென்பொருள்களும் ஆகும். இவற்றில் ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு இடத்தில் வைத்திருந்தது. பாமினியில் தட்டிய உரையை வானவில் எழுத்துருவுக்கு மாற்றினால் பொருளற்ற எழுத்துக் குவியலே கிடைக்கும். எழுத்துரு நிறுவப்படாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் கலவையாகத் தோன்றும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களைத் தரப்படுத்திய பின்னரும் கடைகள் தத்தம் பழைய எழுத்துருக்களை விடவில்லை.

அச்சிடுவதே நோக்கமாக இருந்த வரை இதனால் இடையூறு தோன்றவில்லை. தாளில் எழுத்து சரியாகவே விழுந்தது. சிக்கல் பின்னர் வெளிப்பட்டது. இத்தகைய எழுத்துருவில் அமைத்த நூலைப் பிடிஎப் கோப்பாக மாற்றினால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் அதில் 'காவிரி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாகவே வரும். ஓர் ஊரின் தலவரலாறோ, ஆய்வேட்டின் கல்வெட்டுப் படியோ கணினியில் ஏற்றப்பட்டும் கணினியால் வாசிக்கப்பட முடியாததாகிவிடுகிறது. அமைத்த கடை மூடப்பட்டு, எழுத்துருவும் தொலைந்துவிட்டால், தாளைப் பார்த்து மறுபடியும் தட்டுவதைத் தவிர வேறு வழி அரிது.

ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவான எண் உண்டு. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இதில் உரை ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. 'தஞ்சை' என்ற சொல் த, ஞ, புள்ளி, ச, ஐகாரக் குறி என ஐந்து குறிகளாக இருக்கும். ஐகாரக் குறியைச் சகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் உரைப்பொறி செய்ய வேண்டிய வேலை. அவ்வேலையைச் செய்யத் தெரியாத பதிப்புகளில் குறி சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி ஞகரத்தின் தலையில் அமராமல் விலகும். கொம்பு இடம் மாறிய தமிழ் அறிவிப்புப் பலகைகளைப் பொது இடங்களில் காண நேர்வதற்கு இதுவே காரணம். வடிவமைத்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் அவை அச்சேறியிரா.

இன்டிசைன் 2012ஆம் ஆண்டின் சிஎஸ்6 பதிப்பில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவைப் பெற்றது. எனினும் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற தெரிவை இட்டால்தான் எழுத்துகள் சரியாகச் சேரும். போட்டோசாப்பிலும், பதிப்பைப் பொறுத்து, எழுத்து விருப்பத்தேர்வுகளில் தென்னாசிய மொழிகளுக்குரிய உரைப்பொறியைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். இவ்விரு தெரிவுகளையும் அறியாத மாணவர், ஒருங்குறியில் தமிழ் வராது என்று முடிவுகட்டிப் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடுவது இயல்பாக நடக்கிறது.

2010 சூன் மாதத்தில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது, தமிழக அரசு ஒருங்குறியையும், ஒருங்குறி இயலாத இடங்களுக்கு டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ்16இல் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. ஆதலால் எழுத்துகளை இடம் மாற்றிக் காட்டும் தேவை எழுவதில்லை.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்கு தமிழ் முதலிய கருவிகள் உருவாக்கப்பட்டன. மாற்றிய பின் உரையை முழுமையாக வாசித்துப் பார்ப்பது கட்டாயம். கிரந்த எழுத்துகளிலும் மேற்கோள் குறிகளிலும் பிழை நுழைவது வழக்கம்.

படத்திருத்தம்

மாணவர் முதலில் கணக்கிடக் கற்க வேண்டியது படப்புள்ளிகளின் எண்ணிக்கையை. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான அளவு. 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் உள்ள அழைப்பிதழுக்கு 1500 × 2100 புள்ளிகள் வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கப்படும் 10 அடிக்கு 8 அடிப் பதாகைக்கு 72 புள்ளிகள் போதுமானவை. அதற்கே 8640 × 6912 புள்ளிகள் ஆகின்றன. கைபேசியில் பலமுறை பகிரப்பட்டுச் சுருங்கிப்போன மணமக்கள் படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூலப்படத்தைக் கேட்டு வாங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

அடுத்தது வண்ணம். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் ஆனது. அச்சு நீலப்பச்சை, செங்கருநீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் ஆனது. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் வராது. நாற்றங்காலின் இளம்பச்சை அச்சில் மங்கிவிடும். தஞ்சாவூர் ஓவியத்தின் பொன்தகடு நான்கு மைகளில் பழுப்பு மஞ்சளாகவே விழும்; பொன் மினுமினுப்பு வேண்டுமெனில் ஐந்தாவதாகப் பொன் மையோ தகடோ தனியே இட வேண்டும். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாத கடைக்காரர் பின்னர் வாக்குவாதத்தில்தான் நேரத்தைச் செலவிடுவார்.

சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளின் படங்களைத் தெளிவாக்குவது இப்பகுதிக்கே உரிய மற்றொரு பயன்பாடு ஆகும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணப் பகுதிகளைத் தனித்தனியே பார்த்து, கறையை மறைத்து எழுத்தைக் காட்டும் பகுதியைத் தெரிந்தெடுத்து, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவது எளிய முறை. திருத்தம் படியில் மட்டுமே செய்யப்பட வேண்டும், மூலக்கோப்பு தொடப்படலாகாது. சிதைந்த எழுத்தை அருகிலுள்ள எழுத்திலிருந்து நகலெடுத்து நிரப்பும் கருவி மணமக்கள் படத்தில் பரு நீக்க உதவும். அதே கருவியைச் சுவடியில் பயன்படுத்தினால் புதுப்பாடம் ஒன்று உருவாகி, பின்வரும் பதிப்பாசிரியர் ஏமாறுவார்.

பக்கமைப்பு

உரையைப் போட்டோசாப்பிலேயே அமைத்து முடித்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. இது தவறான பழக்கம். படமாகத் தட்டையாக்கிய பின் எழுத்துகள் புள்ளிகளாகிவிடுவதால் சிறிய எழுத்துகளின் விளிம்பு சிதையும். மேலும் வண்ணம் மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடக்கூடும். இயந்திரத்தில் தாள் இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறக்கோடு தெரியும். படத்தை ஒரு மென்பொருளிலும் உரையைப் பக்கமைப்பு மென்பொருளிலும் வைப்பதே முறை.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் நேர்செய்தால் சொற்களிடையே பெரும் இடைவெளிகள் விழும். சொல்லை முறிக்க நேர்ந்தால் மெய்யெழுத்தில் அடுத்த வரி தொடங்காமல் பார்த்துக்கொள்வது பழைய அச்சுக்கோப்பாளர்களின் நெறி. கணினி இதைத் தானே கவனிக்கும் என்று நம்பிவிடக்கூடாது.

மெய்ப்புத் திருத்தம்

அழைப்பிதழ்களில் நேரும் பிழைகளுட் பல பழைய கோப்பின் மேலேயே புதியதைத் தட்டுவதால் விளைகின்றன. முந்தைய அழைப்பிதழில் மறைந்த பாட்டனார் பெயருக்கு முன் இருந்த 'தெய்வத்திரு' நீக்கப்படாமல், உயிருடன் இருப்பவர் பெயருக்கு முன் நின்றுவிட்டால் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. ஆங்கில நாள், தமிழ் நாள், கிழமை ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மெய்ப்புத் தாளில் வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெற்ற பின்னரே அச்சுக்கு அனுப்புவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கட்டற்ற மென்பொருள்கள்

அடோபி நிறுவனம் 2013 முதல் தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. சிறு கடைக்கும் மாணவருக்கும் இது சுமையாகும். உரிமம் பெறாத படிகளே இதற்கு விடை என்று பலர் கருதினர். மாற்றாகக் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. படத்திருத்தத்துக்குக் கிம்ப், கோட்டுருவத்துக்கு இங்க்சுகேப், பக்கமைப்புக்கு இசுகிரைபசு. இசுகிரைபசில் நெடுங்காலம் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேரவில்லை. 2017இல் வெளிவந்த 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் புதிய உரைப்பொறி சேர்க்கப்பட்டு இக்குறை நீங்கியது. 2024 சனவரியில் வெளியான 1.6 நிலைப்பதிப்பு வழியாக அது எல்லோருக்கும் கிட்டியது. கிம்ப் அச்சு மைகளுக்குரிய வண்ணமுறையில் போட்டோசாப் அளவுக்கு நேரடியாகப் பணியாற்றுவதில்லை. ஆதலால் வண்ணப் பிரிப்பை இசுகிரைபசில் செய்துகொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் ஒருங்குறி எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் இலவசமாக வழங்குகிறது.