மாட்டு வண்டி மன்னர்கள்

மன்னன் ஒருவன் இருந்தானாம். நீண்ட கூந்தலும் தொங்கும் தாடியுமாக அரியணையில் அமர்ந்திருப்பானாம். தூதுவர் வந்தால், பிறர் சொல்லிக்கொடுத்த விடையைத் தன் விடைபோல் ஒப்பிப்பானாம். உடைமை, வருவாய் குறைந்த ஒரே பண்ணை. ஊர்தி, உழவன் ஓட்டும் மாட்டு வண்டி! படிப்போர் நகைப்பர். நகைக்கட்டும் என்றே எழுதப்பட்டது அது.

எழுதியவர் ஐன்ஹார்ட்; பிராங்கியப் பேரரசன் சார்லமேன் 814-இல் மறைந்தபின் அவன் வரலாற்றைத் தீட்டியவர். நகைப்புக்கு ஆளானவர்கள், பிராங்கிய நாட்டை முன்னர் ஆண்ட மெரோவிங்கிய மரபினர். அம்மரபின் கடைசி மன்னன் மூன்றாம் சில்டெரிக்கின் தலையை மழித்து, மடத்தில் அடைத்துவிட்டு, 751-இல் முடிசூடிக்கொண்டான் அரண்மனை மேலாளன் பெப்பின். அவன் யார்? சார்லமேனின் தந்தை! சார்லமேனின் அவையில் வாழ்ந்தவரின் எழுதுகோல் வேறெப்படி அசையும்? நீண்ட கூந்தல் அம்மரபின் அரச அடையாளம் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்.

ஐன்ஹார்ட்டுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. பிரெடெகார் ஏட்டின் தொடர்ச்சியை எழுதுவித்தவன் சில்டெபிராண்டு, பெப்பினின் தந்தையுடைய உடன்பிறந்தான். பிறகு அப்பணியை ஏற்றவன் அவன் மகன். குடும்பத்தின் வெற்றிக்குக் குடும்பமே சாட்சி! அடுத்து வந்தது அரச ஆண்டேடு. நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அந்த ஏடு, “அதிகாரம் அற்றவனை மன்னன் என்பது தகுமா?” எனப் போப் சக்கரியாசிடம் கேட்டதாகவும், அதிகாரம் உடையவனே மன்னன் என அவர் விடுத்ததாகவும் கூறுகிறது. ஐன்ஹார்ட்டோ, சில்டெரிக்கை நீக்க ஆணையிட்டவர் போப் ஸ்டீபன் என்கிறார். ஸ்டீபன் போப் ஆனதே 752-இல்! கடவுளின் பேராளர் பெயர் ஒன்று வேண்டும். எந்தப் பெயரானால் என்ன?

கடைசி மெரோவிங்கியர் வலிவிழந்திருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்காக அனைவரும் பொம்மைகளா? பட்டயங்களைப் புரட்டுவோம். 710-ஆம் ஆண்டளவில், செயிண்ட் டெனிஸ் சந்தைச் சுங்கம் யாருக்கு என்னும் வழக்கில், மன்னன் மூன்றாம் சில்டெபர்ட்டின் தீர்ப்பு மேலாளர் குடும்பத்துக் கிரிமோல்டுக்கு எதிராகவே சென்றது. சுங்கம் மடத்துக்கு என்றாயிற்று. பொம்மை இப்படியா தீர்ப்பளிக்கும்?

மற்றொன்றும் கேட்போம். 737 முதல் ஆறாண்டுகள் அரியணை வெறுமையாய்க் கிடந்தது. மன்னனே வேண்டாதவன் எனில், 743-இல் சில்டெரிக்கைத் தேடி அமர்த்தியவர்கள் யார்? அதே பெப்பினும் அவன் அண்ணனும்! கிளர்ச்சிகள் சூழ்ந்த வேளையில் அப்பழைய பெயர் தேவைப்பட்டது. தேவை தீர்ந்ததும் கத்தரி வந்தது.

ஆனால் பட்டயத்தைப் படிப்பவர் எத்தனை பேர்? பிரெஞ்சுப் பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பெயர் ‘சோம்பேறி மன்னர்கள்’ என்பதே. பாடநூற் படத்திலும் அதே மாட்டு வண்டி.