உயர்த்திய ஜீப்பில் எக்ஸோஸ் இடிக்கிறதா? காரணமும் தீர்வும்

செம்பனைத் தோட்டத்து மண் பாதைக்காகவும் காட்டுப் பயணத்துக்காகவும் நான்கு சக்கர இயக்க வாகனங்களை உயர்த்திக் கட்டுவது மலேசியாவில் பரவலான பழக்கம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள் முதல் சுசுகி ஜிம்னி, டொயோட்டா ஹைலக்ஸ், ஜீப் ரேங்ளர் வரை பல வண்டிகள் இப்படி மாற்றப்படுகின்றன. ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றியவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சில நாளில் அடியிலிருந்து 'டங், டங்' என்று சத்தம் கேட்கத் தொடங்கும். பெரும்பாலும் அது எக்ஸோஸ் குழாய் எதன் மீதோ இடிக்கும் சத்தம்.

ஏன் இடிக்கிறது?

வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் குழாயும் சேசிஸோடு மேலே போகிறது. ஆனால் அச்சு டயரோடு கீழேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாப்டின் சாய்வு அதனால் கூடுகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போது ஷாப்ட் இன்னும் கீழிறங்கி, அதன் அடியில் குறுக்கே போகும் குழாயைத் தொடும். 2012க்குப் பின் வந்த 3.6 லிட்டர் ஜீப் ரேங்ளரை அதிகம் உயர்த்தும்போது முன் ஷாப்டில் வரும் சிக்கல் இதுதான்.

பின்பக்கம் இதற்கு நேர் எதிர். மேட்டில் ஏறும் சக்கரம் அச்சை மேலே தள்ளி, அதற்கு மேல் வளைந்து போகும் குழாயில் இடிக்க வைக்கும். காயில் ஸ்பிரிங் வண்டிகளில் பான்ஹார்ட் ராட்டின் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால், அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து இடைவெளியைக் குறைக்கும்.

பெரிய குழாய் போடுவதும் ஒரு காரணம். இரண்டரை அங்குலக் குழாயை 3 அங்குலமாக மாற்றினால் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் இடம் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

குழாயை வெட்டுவதற்கு முன் எஞ்சின் மவுண்டிங்கையும் குழாயைத் தாங்கும் ரப்பர்களையும் பாருங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சாய்ந்து, குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். பல வண்டிகளில் சத்தம் இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்து, இடித்த இடத்தைத் தேடுங்கள். துரு உரிந்து பளபளவென்று தேய்ந்திருக்கும் இடமே அது. சமதரையில் அளந்த இடைவெளியை நம்ப முடியாது. அச்சு முழுவதும் தொங்கிய நிலையிலும், முழுவதும் அமுங்கிய நிலையிலும் அளக்க வேண்டும். சந்தேகமான இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அது நசுங்கிய அளவே மிஞ்சும் இடைவெளியைச் சொல்லிவிடும். அசையும் பாகத்துக்கும் குழாய்க்கும் இடையே ஓர் அங்குலமாவது இருப்பது நல்லது. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகே போகவும்.

சரிசெய்யும் வழிகள்

குறைவாக இடித்தால் தாங்கியின் இடத்தை மாற்றலாம். குழாய் இணைப்பில் ஸ்பேசர் வைத்தும் நகர்த்தலாம். அச்சு மேலே வந்து இடித்தால் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு வழியில் புதிய வளைவு போடுவதே சரி. வளைவில் குழாய் நசுங்காமல் இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்துப் பள்ளம் போட்டால் புகை போகும் வழி குறுகும். குழாயைச் சேசிஸுக்குக் கீழே இறக்கினால் அடுத்த மரக்கட்டையே அதைப் பிய்த்துவிடும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்க வேண்டாம்.

புதிய வழி பிரேக் குழாய், எண்ணெய்க் குழாய், மின்வயர் அருகே போனால், இடையில் காற்றோட்டம் விட்டு வெப்பத் தடுப்புத் தகடு பொருத்த வேண்டும். காய்ந்த லாலாங் புல்லும் செம்பனை ஓலைத் துண்டுகளும் சூடான குழாயில் சிக்கினால் தீப்பிடிக்கும். தோட்டத்தில் ஓடும் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி துப்புரவு செய்வது அவசியம்.

உயிருக்கே ஆபத்தான குறுக்குவழி

பின் அச்சில் இடிக்கிறது என்பதற்காகச் சிலர் குழாயை அச்சுக்கு முன்பே வெட்டி விட்டுவிடுகிறார்கள். செலவு குறைவு, சத்தமும் நின்றுவிடும். ஆனால் புகை வண்டியின் அடியிலேயே தேங்கி, தரையில் உள்ள துருப்பிடித்த ஓட்டைகள் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே ஏறும். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சேற்றில் சிக்கி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஏர்கோன் போட்டுப் பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்கும்போதும் ஆபத்து அதிகம். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அறிகுறிகள். உடனே எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் வெளியே வந்து, மருத்துவ உதவி நாட வேண்டும். ஆகவே குழாயின் முனை உடற்பகுதியைத் தாண்டி வெளியே வந்தே தீர வேண்டும்.

வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்கு முன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பற்றிக் கேட்டறிவதும் முக்கியம். பட்டறையில் வண்டியை எடுக்கும்போது, இரு நிலைகளிலும் இடைவெளியைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் புகை கசிகிறதா என்று பார்த்த பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள்.