அன்தரைச் சிறையில் விட்டு உறங்குவதா?

கதை கேட்டுக் கண்ணீர் வடிப்பதைப் பேதைமை என்று எண்ணுவோர் எக்காலத்தும் உண்டு. நடவாத ஒன்றுக்காக நெஞ்சுருகுவது அறிவுடைமையாகுமா என்பது அவர்தம் வினா. ஆயினும், அரசர்களின் வரலாற்றேடுகளில் இடம்பெறாத எளிய மக்களின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின், அவர்கள் கதை கேட்ட சபைகளுக்கே நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

சிரியா நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்றுண்டு. காப்பிக்கடையில் ஹகவாத்தி எனப்படும் கதைசொல்லி ஓரிரவு அன்தரின் கதையை வாசித்து வந்தார். வீரர் அன்தர் பகைவர் கையில் அகப்பட்டு விலங்கிடப்பட்டார் என்ற கட்டத்தில் ஏட்டை மூடிவிட்டு, 'மீதி நாளை' என்று எழுந்து சென்றார். கேட்டிருந்தவர்களுள் ஒருவருக்கு வீடு திரும்பியும் உணவு இறங்கவில்லை, உறக்கமும் வரவில்லை. மனைவியிடம் சினந்து விழுந்தார். முடிவில் நள்ளிரவில் கதைசொல்லியின் வீட்டுக் கதவைத் தட்டி, அன்தரைச் சிறையில் விட்டுவிட்டு உமக்கு எப்படி உறக்கம் வந்தது என்று கேட்டார். விழித்தெழுந்த கதைசொல்லி ஏட்டை எடுத்து, அன்தர் விடுதலை பெறும் வரை வாசித்துக் காட்டினார். அதன் பின்னரே அம்மனிதர் நிம்மதியாக இல்லம் மீண்டார்.

இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால், அன்தர் யார் என்பதை அறிந்தால் நகைப்பு அடங்கிவிடும்.

அன்தரா இப்னு ஷத்தாத் வரலாற்றில் வாழ்ந்தவரே. அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர். முஅல்லகாத் என்னும் புகழ்பெற்ற கவிதைத் தொகுதியில் இடம் பெற்றவர். தந்தை அப்ஸ் குலத்துத் தலைமகன். தாயோ ஸபீபா என்னும் கறுப்பின அடிமைப் பெண். அதனால் தந்தையே அவரை மகன் என்று ஏற்க மறுத்தார். இந்தச் சிறு வரலாற்று வித்திலிருந்து, 'சீரத் அன்தர்' என்னும் மாபெரும் கற்பனைக் காவியம் முளைத்தது. அதில் அவர் வாள் விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லால் வடிக்கப்பட்டது. அவர் பாரசீகத்துக்கும் ரோமாபுரிக்கும் சென்று போரிடுகிறார். சிற்றப்பன் மகள் அப்லாவை மணக்க விரும்பியபோது, ஹீரா மன்னரின் அரிய ஒட்டகங்களை மஹராகக் கொண்டுவரும்படி அவரை ஏவுகின்றனர். அவர் மீளக் கூடாது என்பதே உட்கருத்து.

கதையைக் கேட்க வந்தோருள் பலர் நாள் முழுவதும் பிறரிடம் ஏவல் கேட்டு உழைத்தவர்கள். பிறப்பின் பெயரால் தாழ்த்தப்பட்ட ஒருவர், தம் ஆற்றலால் அத்தாழ்வை வென்று நிற்பதை இரவில் அவர்கள் கண்டனர். அவர் விலங்கிடப்பட்டபோது தங்கள் கைகளே பிணிக்கப்பட்டதாக உணர்ந்தனர். உறங்காத அம்மனிதரின் சினத்துக்கு இதுவே காரணம் என நாம் கருதுகிறோம்.

எகிப்திலும் இதே நிலையைக் காண்கிறோம். 1836-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், கெய்ரோவில் அபூ ஸைதின் கதையைப் பாடுவோர் சுமார் 50 பேர், பைபர்ஸின் கதையைச் சொல்வோர் சுமார் 30 பேர், அன்தரின் கதையை வாசிப்போர் ஏறத்தாழ 6 பேர் எனக் கணக்கிட்டார். 1889-இல் பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்த பேரறிஞர் தாஹா ஹுசைன், தம் வாழ்க்கை வரலாற்றைக் கிராமத்துப் பாடகரின் நினைவோடுதான் தொடங்குகிறார். அபூ ஸைதின் வீரத்தைக் கேட்டோர் உணர்ச்சி மேலிட்டுத் தமக்குள் வாதிடுவார்களாம். பாடகர் அவர்கள் அடங்கும் வரை காத்திருப்பாராம். சிறுவர் தாஹாவை மட்டும் தமக்கையார் கதை முடியுமுன்னே வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிடுவார்.

மார்க்க அறிஞர்கள் இதனை ஐயத்தோடு நோக்கினர். அதற்குக் காரணமும் இருந்தது. டமாஸ்கஸில் வாழ்ந்து 1373-இல் மறைந்த இமாம் இப்னு கஸீர், அன்தரின் கதையைப் போன்றவற்றைப் பொய்ப் புனைவுகள் என்றே எழுதினார். வரலாற்றுக்கும் கற்பனைக்கும் இடையே உள்ள வரம்பு அழிந்துவிடக் கூடாது என்பதில் நமக்கும் உடன்பாடே. ஆயினும், அதனினும் கடுமையான வேறொரு குற்றச்சாட்டும் உண்டு. அன்தருக்காக மக்கள் உருகிய அதே கெய்ரோவில், லேன் வாழ்ந்த காலத்தில் அடிமைச் சந்தையும் நடைபெற்றது. கதையில் வந்த அடிமைத்தாயின் மகனுக்காகக் கலங்கியவர்கள், சந்தையில் நின்ற தாயையும் மகனையும் கடந்தே நடந்திருப்பர். அடிமையை விடுவித்தலை அரிய மலைப்பாதையின் முதற்படியாகத் திருமறை (90:13) கூறியிருந்தும், கதைக்குச் சிந்திய கண்ணீர் சந்தையின் வாயிலை எட்டவில்லை.

உணர்ச்சி செயலாக மாற முனைந்த ஓர் இரவையும் வரலாறு காட்டுகிறது. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்க வந்தபோது, மறுநாள் போருக்குச் செல்லவிருந்த இளம் பிரபுக்கள் முகம்மது ஹனஃபிய்யாவின் கதையை வாசிக்க விரும்பிச் சுல்தான் அஹ்மதிடம் ஆளனுப்பினர் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. சுல்தானோ முதலில் அமீர் ஹம்ஸாவின் கதையைக் கொடுத்தனுப்பினார். அவர்களுடைய வீரம் ஹனஃபிய்யாவின் வீரத்துக்கு ஈடாகுமோ என்று தாம் அஞ்சுவதாகவும், ஹம்ஸாவின் வீரமளவு இருந்தாலே போதும் என்றும் சொல்லியனுப்பினார். அதற்கு அவர்கள், சுல்தான் ஹனஃபிய்யாவைப் போல் இருப்பாராயின் தாங்கள் அவருடைய படைத்தலைவரைப் போல் இருப்போம் என்று மறுமொழி கூறினர். சுல்தான் புன்முறுவலோடு கேட்ட ஏட்டையே அளித்தார்.

அக்கதையும் பெரும்பாலும் கற்பனையே. ஹஸரத் அலீ (ரலி) அவர்களின் மைந்தரான முகம்மது இப்னுல் ஹனஃபிய்யா, ஏட்டில் காணும் போர்களையெல்லாம் நிகழ்த்தியவர் அல்லர். அந்த ஏடு மலாக்காவைக் காப்பாற்றவும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நகரம் வீழ்ந்தது. எனினும், அவ்விளைஞர்கள் அழுது ஆறுவதற்காகக் கதை கேட்கவில்லை. விடிந்ததும் தாங்கள் செய்ய வேண்டியதற்குத் துணிவு தேடியே கேட்டனர்.

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்கும் இவ்வுணர்ச்சி புதியதன்று. சைத்தூன் கிஸ்ஸாவும் படைப்போர்களும் இராகத்தோடு ஓதப்பட்ட இரவுகளை நம் மூத்தோர் அறிவர். இன்று அவ்வேடுகள் பெட்டிக்குள் உறங்கினாலும், பிள்ளைகள் மாயக் கதைகளை விட்டுவிடவில்லை. வேறு மொழிகளில், வேறு வீரர்களைத் தேடிக்கொண்டுள்ளனர். தங்களுக்குப் பிடித்த பாத்திரம் இறந்துவிட்ட அத்தியாயத்தைப் படித்துச் சோறுண்ணாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை, 'இது பொய்க்கதைதானே' என்று கடிந்துகொள்வது எளிது. கதை பொய்யாயினும் அப்பிள்ளையின் துயரம் பொய்யன்று. அநீதி கண்டு வருந்தும் நெஞ்சம் இறைவன் அளித்த அருட்கொடை. அதைக் கடிந்து அணைப்பதைவிட, கதையில் விலங்கிடப்பட்டவரைப் போல் நம் தெருவில் இருப்பவர் யாவர் என்று உடனமர்ந்து கேட்பதே பெற்றோர்க்குக் கடன்.

அன்தருக்காக ஒருவர் நள்ளிரவில் கதவைத் தட்டியது குற்றமன்று. தட்ட வேண்டிய கதவுகள் இன்னும் பல இருந்தன என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.