மன்னனின் மான்

காதலியை மானெனப் பாடுவது அரபுக் கஸல் பயின்ற நமக்குப் புதிதன்று. அந்த மானின் கழுத்தில் ஆட்சியாளன் பெயர் பொறித்திருந்தால்?

14ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் கண்டது வெண்மான். தன்னைச் சீசர் (நம் நூல்கள் கூறும் கைஸர்) விடுதலை செய்துவிட்டதாக அதன் கழுத்தணி அறிவித்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், எட்டாம் ஹென்றியின் அவையைச் சார்ந்த தாமஸ் வயட் அதனை ஆங்கிலத்தில் எடுத்தாண்டார். அவரிடத்தில் அக்காட்சி வேட்டையாயிற்று, துரத்துவோர் பலராயினர், மானோ சீசரின் உடைமையாயிற்று. இதனை மொழிபெயர்ப்புப் பிழை என்பார் அந்த அரசவையை அறியாதார்.

அம்மான் ஆன் பொலின் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாடலில் பெயரில்லை, பெயரைச் சொல்லத்தக்க காலமுமன்று அது. 1536 மே மாதம், அரசியாயிருந்த ஆன்மீது கள்ள உறவுக் குற்றம் சாட்டப்பட்டது. வயட்டும் இலண்டன் கோட்டைச் சிறையில் அடைபட்டார். 17ஆம் நாள் ஐவர் தலை வீழ்ந்தது. அவருள் ஒருவர் அரசியின் உடன்பிறந்தவர். 19ஆம் நாள் அரசியின் தலையும் வீழ்ந்தது. வயட் உயிர் தப்பினார்.

அவருடைய பாடல்கள் கையெழுத்துப் படிகளாகவே உலவின. ஹென்றி இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1557இல், அவற்றுட் பல ஒரு தொகுப்பில் அச்சேறின. மான் பாட்டு அதில் இல்லை.