உயிர்மருத்துவ ஆய்வுக்கும் பயிற்சிக்கும் அரசு நிதி: காரியாபட்டி வட்டாரத்தை முன்வைத்து

நோய்களின் காரணம், பரவல், தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றை ஆராயவும், அப்படி ஆராயத் தெரிந்தவர்களை உருவாக்கவும் அரசு செலவிடும் பொதுப்பணம் உயிர்மருத்துவ ஆய்வு நிதி எனப்படும். இந்தியாவில் இதன் முதன்மையான வழி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள சுகாதார ஆராய்ச்சித் துறை அதற்குப் பணம் ஒதுக்குகிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, மாநில அரசு ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன.

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் உள்ள பேரூராட்சி, வட்டத் தலைநகர். கண்மாயும் மானாவாரியும் சீமைக்கருவேலமும் கொண்ட வறண்ட பூமி. இங்கே ஓர் அரசு மருத்துவமனை உண்டு. ஐசிஎம்ஆரின் நிறுவனம் எதுவும் இல்லை. ஆகவே ஆய்வுப் பணம் இந்த ஊருக்கு நேராக வருவதில்லை. மதுரை, சென்னை, புதுச்சேரி நிறுவனங்களின் ஆய்வு முடிவாகவோ, அரசு மருத்துவமனையின் புதிய நடைமுறையாகவோ, இங்கிருந்து படிக்கப் போன பிள்ளையின் உதவித்தொகையாகவோதான் வந்து சேர்கிறது. ஆய்வகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும் என்பது இந்தத் துறையின் நூற்றாண்டுப் பழக்கம். அது எப்படி உண்டானது என்பதை அறியத் தொடக்க வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தொடக்க வரலாறு

1911இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ‘இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம்’ என்ற அமைப்பை உருவாக்கியது. அதன் ஆட்சிக்குழு அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று பம்பாய், பரேலில் இருந்த பிளேக் ஆய்வகத்தில், சர் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் முதன்முறையாகக் கூடியது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1913இல்தான் வந்தது. அந்த வகையில் இந்தியா இரண்டு ஆண்டு முந்தியது. ஆனால் பிரிட்டனில் காப்பீடு செய்த ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கிலும் ஒரு பென்னி ஆய்வுக்கென்று ஒதுங்கியது. இங்கே அப்படி உறுதியான வருவாய் கிடையாது. அரசு கொடுத்தால் உண்டு, நிறுத்தினால் இல்லை.

இதற்குக் குன்னூரே சாட்சி. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், அந்த நோய் மிகுதி. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். வீட்டுக்கு வீடு நெல் அவித்த நம் பாட்டிமார், காரணத்தை யாரும் எழுதி வைக்காத காலத்திலேயே குடும்பத்தைக் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பயனுள்ள ஆய்வையும் 1923இல் அரசு சிக்கனம் என்று சொல்லி நிறுத்தியது. இரண்டு ஆண்டு கழித்துப் ‘பற்றாக்குறை நோய்கள் விசாரணை’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கியது. 1920களின் இறுதியில் அதுவே ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகம் ஆயிற்று. மெக்காரிசனுக்குப் பிறகு பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். காரியாபட்டிப் பக்கம் அன்றாடச் சாப்பாடாக இருந்த கம்பு, சோளம், கேழ்வரகுக்குச் சத்துக் கணக்கு எண்களில் நிலைபெற்றது அந்த வழியில்தான். அரிசியே உயர்வு என்ற எண்ணம் ஊரெங்கும் ஓங்கிய பின்னரும், கம்பங்கஞ்சியின் தகுதியை அந்த எண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து, பின் ஐசிஎம்ஆரின் தலைமை இயக்குநரானார்.

விடுதலைக்குப் பின், 1949இல் சங்கத்தின் பெயர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று மாறியது. கிண்டி கிங் நிறுவனத்தை நடத்திய சி. ஜி. பண்டிட் அதன் முதல் இயக்குநர்.

சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு

பொதுப்பணத்தில் நடந்த இந்திய ஆய்வுகளில் மிகச் சிறந்தது எது என்றால், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் முதல் ஆய்வையே சொல்ல வேண்டும். ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் பங்கேற்றன. அன்று காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் தருவதுதான் சிகிச்சை. நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா என்பதே கேள்வி.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறு பாதிக்கு வீடு. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பிஏஎஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஓராண்டு. வீட்டில் இருப்பவர் மருந்து சாப்பிடுகிறாரா என்று தெரிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டு நோயாளிகள் குறைவாகச் சாப்பிட்டார்கள், நெருக்கடியான அறைகளில் இருந்தார்கள், வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் வீட்டுச் சிகிச்சையில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. நோயாளியோடு வீட்டில் இருந்த குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானதும் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மதுரையிலும் அதற்குக் கிளை உண்டு. அதில் நீண்டகாலம் பணியாற்றிய சௌம்யா சுவாமிநாதன் 2015 முதல் 2017 வரை ஐசிஎம்ஆரின் தலைமை இயக்குநராக இருந்தார். இதே மரபில், 2022இல் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் மாநில அரசும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தைத் தொடங்கின. நோய் உறுதியானவுடன் நோயாளியின் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை உடனே படுக்கையில் சேர்ப்பது அதன் முறை. ஓர் எடைக் கருவி, விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி, ஒரு செவிலியர் இருந்தால் போதும். தாலுகா மருத்துவமனையில் செய்யக்கூடியதாக ஆய்வு முடிவு இப்படி இறங்கி வருவதே அந்தப் பணத்தின் நியாயம்.

மதுரை கொசு ஆய்வு மையம்

ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து விருதுநகர் (அன்று காமராசர்) மாவட்டம் உருவான அதே 1985இல், மதுரையில் ஐசிஎம்ஆர் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. வறண்ட வட்டாரத்துக்கு மிக அருகில் அமைந்த ஐசிஎம்ஆர் நிறுவனங்களுள் இது ஒன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் யானைக்கால் நோயும் இதன் முதன்மைப் பொருள்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அறியப்பட்டதும் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான்.

இந்தக் காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு நெல்வயல் தண்ணீரில் பெருகும், மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிச் சேரும். ஆகவே களப்பணியாளர்கள் பொழுது சாய்ந்ததும் கையில் டார்ச்சும், வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயுமாகத் தொழுவங்களுக்குப் போவார்கள். சுவரிலும் செடியிலும் உட்கார்ந்த கொசுவை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடித்து, இனம் பிரித்து, ஐம்பது வரை ஒரு தொகுதியாகச் சேர்த்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நகரத்து ஆய்வகத்தின் கட்டுரைக்குப் பின்னால் இருப்பது இவர்கள் உழைப்பு.

ரேச்சல் ரூபன் பொறுப்பில் இருந்த காலத்தில் இந்த மையம் மருந்தடிப்பதோடு நிற்காமல் வயலையே சோதனைக் களமாக்கியது. நெல்வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப்புழு குறைகிறதா, யூரியாவை வேப்பம் புண்ணாக்கோடு சேர்த்துப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். புழுக்கள் குறைந்தன, விளைச்சலும் கெடவில்லை. பின்னாளில், 2015இல், யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியபோது சொன்ன காரணங்கள் வேறு. ஆனால் வேம்பும் யூரியாவும் சேர்ந்தால் கொசுவுக்கும் ஆகாது என்பதை மதுரை வயல்கள் முன்பே காட்டிவிட்டன. மையம் பின்னர், 1975இல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தின் களநிலையமாக மாற்றப்பட்டது. தென்மாவட்டங்களுக்கு அது ஒரு படி இறக்கமே.

பணம் வரும் முறை

பிப்ரவரியில் ஒன்றிய பட்ஜெட்டில் சுகாதார ஆராய்ச்சித் துறைக்குத் தொகை ஒதுக்கப்படுகிறது. 2025-26 மதிப்பீட்டில் அது சுமார் 3,900 கோடி ரூபாய், சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் நான்கு விழுக்காடு அளவு. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஐசிஎம்ஆருக்குப் போகிறது. ஐசிஎம்ஆர் அதைத் தன் சொந்த நிறுவனங்களின் சம்பளம், கட்டடம், ஆய்வு ஆகியவற்றுக்கும், வெளியார் கேட்கும் ‘ப்ராஜெக்ட்’களுக்கும், மாணவர் உதவித்தொகைக்கும் பிரிக்கிறது. சொந்த நிறுவனங்களுக்கே பெரும்பங்கு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இதற்கு நேர்மாறு. அதன் பணத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் போட்டியிட்டுப் பெறுகின்றன.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ப்ராஜெக்ட் கேட்க வேண்டுமானால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வல்லுநர் குழு பார்க்கும், திருத்தம் கேட்கும், பெரும்பாலும் மறுக்கும். தேர்வானால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு என்றால் அமைச்சகத்தின் தனிக்குழு ஒப்புதலும் வேண்டும். மருந்துச் சோதனை என்றால் தேசியப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். பிறகு அனுமதி ஆணை, முதல் தவணை. ஆண்டு முடிவில் செலவுக் கணக்கும் ‘யூசி’ என்று எல்லோரும் சொல்லும் பயனீட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்த தவணை.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மானாவாரி நாட்டின் காலமோ வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கொசு பெருகும்போது தவணை வராமல் தை, மாசியில் வந்தால், கொசுவும் இல்லை, செலவழிக்க நாளும் இல்லை. மிச்சப்பணம் திரும்பிப் போகும். தவணையைப் பருவத்தோடு பொருத்துவது கடினமான சீர்திருத்தம் அல்ல, செய்தே ஆக வேண்டியது. ப்ராஜெக்ட் பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கிராமத்து வீடுகளை அறிந்து பழகிய கை அத்துடன் வெளியேறிவிடுகிறது.

பயிற்சி

எம்பிபிஎஸ் மாணவர் இரண்டு மாதம் ஓர் ஆசிரியரின் கீழ் சிறு ஆய்வு செய்ய, 1979 முதல் ஐசிஎம்ஆர் குறுகியகால மாணவர் உதவித்தொகை தருகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு ஆய்வின் வாசலைத் திறக்கும் மிக எளிய திட்டம் இதுவே. முனைவர் பட்டத்துக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பைச் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழி நடத்துகிறது. புதுச்சேரி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களில் முதுநிலைப் படிப்புக்கென்று தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களுள் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஒன்று. தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆய்வாளராக அதுவே வழி செய்தது.

இன்றைய நிலை

2013-14இல் சுகாதார ஆராய்ச்சித் துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆய்வுப் பிரிவு, வைரஸ் ஆய்வகம், கிராமங்களில் மாதிரி ஊரகச் சுகாதார ஆய்வுப் பிரிவு என்று மூன்று திட்டங்களைத் தொடங்கியது. தேனி வைரஸ் ஆய்வகம் கொரோனாவின் முதல் நாள்களிலேயே பயன்பட்டது. ஊரகப் பிரிவு திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில் அமைந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று மற்ற பத்துக் கல்லூரிகளோடு திறக்கப்பட்டது. செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 விழுக்காடு. காரியாபட்டி வட்டாரத்து நோய்களை வட்டாரத்திலேயே ஆராய இனி இந்தக் கல்லூரியே இடம். ஆய்வுப் பணத்துக்கு ஒரு புதிய வழியும் வந்துள்ளது: 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டுள்ளது. அதில் 36,000 கோடி அரசு அல்லாத வழிகளில் வர வேண்டும்.