இரண்டாவதாக வந்தவர்

அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றில் 1947 ஏப்ரல் 15 ஒரு பெருநாள். கறுப்பினத்தவரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வெளியே நிறுத்தியிருந்த பெரிய லீகுகளின் கதவு அன்று ஜாக்கி ராபின்சனுக்குத் திறந்தது. மாணவ நண்பர்களே, அப்பெயரை உங்களுள் சிலர் கேட்டிருப்பீர்கள். பதினொரு வாரங்கள் கழித்து, இன்னொரு பிரிவாகிய அமெரிக்கன் லீகில் முதற் கறுப்பராக நுழைந்த லாரி டோபியைக் கேட்டிருப்போர் மிகச் சிலரே. வினாத்தாள்கள் எல்லாம் "முதன்முதலில் யார்?" என்றே கேட்கின்றன. இரண்டாமவரைக் கேட்ட வினாத்தாள் ஒன்றையும் என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். தரையிற்படாமல் விரைந்து வரும் பந்தை உருளை மட்டையால் அடித்து, வேலிக்கு அப்பால் போக்கினால் அது ஹோம் ரன். நம் கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது. ஆனால் அதனினும் அரியது. ஓராண்டில் முப்பது அடிப்பவர் பேராற்றல் படைத்தவர் எனப்படுவர்.

ராபின்சனை ஓராண்டுக் காலம் மான்ட்ரியாலில் சிறிய லீகில் ஆடவைத்துப் பழக்கிய பின்னரே பெரிய அணிக்குக் கொணர்ந்தனர். டோபிக்கு அத்தகைய ஆயத்தம் எதுவும் கிட்டவில்லை. ஜூலை 4-ஆம் நாள் கறுப்பினத்தவர் லீகில் நுவார்க் அணிக்கு ஆடினார். மறுநாள் சிகாகோவில் கிளீவ்லாந்து அணியின் உடையில் நின்றார். வயது இருபத்து மூன்று. புதிய தோழர்களுள் சிலர் அவருடன் கைகுலுக்க மறுத்தனர்.

அன்று மட்டைபிடித்த ஒரே முறையும் அவர் ஸ்டிரைக் அவுட் ஆனார். அடுத்து வந்த ஜோ கார்டன் என்ற வெள்ளையர், டோபிக்குத் துணையாகத் தாமும் வேண்டுமென்றே ஆட்டமிழந்து, அவரருகே தலைகவிழ்ந்து அமர்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. உருக்கமான கதைதான். ஆனால் ஆட்டக் குறிப்பின்படி, டோபி மட்டை பிடித்த வேளையில் கார்டன் மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தார்! அடுத்து அவர் ஆட வந்திருக்க இயலாது. ஆட்டத்துக்கு முன் டோபி தனியே நின்றபோது, பந்தெறிந்து பழக அவரை அழைத்தவர் கார்டன் என்பது மட்டும் உண்மை. மெய்யான சிறு செயல் ஒன்று இருக்க, இல்லாத பெருஞ்செயலைப் புனைவானேன்?

அவ்வாண்டு 32 முறை ஆடி, 5 முறையே பயனுற அடித்தார். 1948-இல் நடுக்களத்திற்கு மாற்றப்பட்டார். அக்டோபர் 9 அன்று, உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் ஜானி செய்ன் எறிந்த பந்தை வேலி தாண்டி அடித்தார். உலகத் தொடரில் கறுப்பினத்தவர் ஒருவர் அடித்த முதல் ஹோம் ரன் அது. கிளீவ்லாந்து 2-1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் டோபியும், வெள்ளையரான பந்தெறிபவர் ஸ்டீவ் குரோமெக்கும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்த படம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அந்நாளைய அமெரிக்காவில் இத்தகைய படம் காணக்கிடைக்காதது. ஆயினும் அரிசோனாவின் டூசான் நகரில் பயிற்சிக்குச் சென்ற காலங்களில், தோழர்கள் தங்கிய விடுதியில் டோபிக்கு இடமில்லை. ஒரு கறுப்பினக் குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார்.

1952-லும் 1954-லும் ஆண்டுக்கு 32 ஹோம் ரன்கள் அடித்து லீகிலேயே முதல்வரானார். 1954-இல் கிளீவ்லாந்து 111 ஆட்டங்களை வென்றது. சிறந்த ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் வாக்கெடுப்பில் யோகி பெர்ரா முதலிடம் பெற்றார்; டோபிக்கு இரண்டாமிடம். பெரிய லீகில் 253 ஹோம் ரன்கள் அடித்து 1959-இல் விலகினார்.

1975-இல் கிளீவ்லாந்து அணியில் பிராங்க் ராபின்சன் முதற் கறுப்பின மேலாளராகப் பணிதொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டு அதே அணியில் பயிற்றுநராக இருந்தவர் டோபி. அவருக்கு அப்பதவி 1978-இல் சிகாகோவில் கிட்டியது, அங்கும் இரண்டாமவர். புகழ் மண்டபத்தில் ஜாக்கி ராபின்சனின் பெயர் 1962-லேயே ஏறியிருந்தது. டோபியின் பெயர் 1998-இல் ஏறியபோது அவருக்கு வயது எழுபத்து நான்கு.